பன்னிரண்டு நாற்காலிகள்

வியாழன், மாலை ஆறரை.
கிரிம்ஸ்பி நூலகத்தின் மாடியில்
பன்னிரண்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன்.
வகுப்பறை மாதிரித் தெரியக் கூடாதென்று
ஒன்றை மட்டும் கோணலாக இழுத்துவிட்டேன்.

எல்லாப் பெற்றோருக்கும், இலவசம்
என்று பெரிதாக அச்சடித்திருந்தோம்.
எல்லாருக்கும் என்று வருகிற கடிதத்தை
யார் தன் பெயருக்கு வந்ததாகப் பிரிப்பார்கள்?

மருந்துக் கடையில் இருமல் மருந்தோடு
கூப்பனையும் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.
டாம்சின் அங்கேயே திருப்பித் தந்தாளாம்:
"என் பிள்ளையைப் பற்றி யார் என்ன சொன்னது?"
மீன் ஆலையில் இரவு வேலை ரசாவுக்கு.
லித்துவேனிய மொழியிலும் ஒன்று தந்தோம்.
வாசித்துவிட்டுச் சிரித்தாள்.
"பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வருவேன்,
பிள்ளை வளர்க்கப் படிக்க?"
பெவர்லி, இரண்டு வீடு தள்ளி இருப்பவளிடம் கொடுக்கச் சொன்னாள்,
அவளுக்குத்தான் தேவை என்று.
போனேன்.
அவளும் அதையே சொன்னாள்,
விரலை இந்தப் பக்கம் நீட்டி.

என் மகள் சிறியவளாக இருந்தபோது
எனக்கும் ஒன்று வந்தது.
அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன்:
பால், பேட்டரி, பேன் சீப்பு.

ஏழு மணி.
கெட்டில் இரண்டு முறை கொதித்து ஆறிவிட்டது.
படிக்கட்டில் காலடி.
சட்டையை நீவிக்கொண்டு எழுந்தேன்.

கட்டடக் காவலர் ஆட்டவே. கையில் சாவிக்கொத்து.
"யாரும் வரலையா?"
ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார்.
தேவையில்லாமல் இன்னொரு முறையும் தொட்டார்.
பிறகு கதவு நிலையில் சாய்ந்து,
ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே:
"பக்கத்து வீட்டுப் பையன். நாலு வயசு.
சத்தம் போட்டால் சுவரில் தலையை முட்டிக்கிறான்.
அந்த நேரத்தில் அவங்க...
என்ன செய்யணும்?"

உட்காருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
எழுந்து போய்
நிலையின் மறுபக்கம் நானும் சாய்ந்துகொண்டேன்.
முப்பத்தைந்து நிமிடம், நின்றபடி,
பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிப் பேசினோம்.
ஒரு தடவை வாய் தவறி
"எங்க ஃபிரேசர்" என்றார்.
அந்த நொடி நான் செவிடாக இருந்தேன்.

நாற்காலிகளை அவரே அடுக்கினார்.
நன்றி சொல்லவில்லை, மழை வரும் என்றார்.

பதிவேட்டில் வருகை: பூஜ்யம்.
காரணம் கேட்டு அலுவலகப் படிவம்.
நேரம், தூரம், மொழி, வானிலை, மற்றவை.
மற்றவையில் குறியிட்டேன்.
விளக்கத்துக்கு
அரை அங்குலம் இடம் விட்டிருந்தார்கள்.