எடைமேடையில் அண்ணன்

பகாவ் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கிராணி நான். இருபத்தாறு வருஷம்.
குலையோடு லாரி ஏறும், சிவப்பில் எண் எரியும்.
கொட்டிவிட்டு வெறும் வண்டி திரும்ப ஏறும்.
கழித்தால் சரக்கு.
எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

அண்ணனுக்கும் அதே கணக்கு, கொஞ்சம் உயரத்தில்.
பிரிகேடியர் ஜெனரல் வேலாயுதன், தகப்பன் பெயர் காத்தமுத்து,
மூன்றாம் டிவிசன் லயம், கதவெண் பதினேழு.
பேப்பரில் படம் வந்த அன்று
கோப்பிக்கடை ஆ கியோங் கேட்டார்:
"உங்க அண்ணன் சண்டை பிளேனா?"
"இல்ல, சாமான் பிளேன்."
"ஓ, லாரி" என்றார், பால்டின்னில் ஓட்டை போட்டபடி.
அன்றைக்குக் கோபம் வந்தது.
அப்புறம் யோசித்தேன், லாரிதானே.

பயிற்சிப் பள்ளியில்
எடைமையம் என்றால் என்னவென்று கேட்டார்களாம்.
காண்டாக் கம்பும் இரண்டு பால்வாளியும் வரைந்தான்,
பின்வாளி கொஞ்சம் குறைவாக,
தோள் அரை அடி முன்னே.
முழு மார்க்.

முதலில் கரிபூ.
சரவாக் மலை முகாம்களுக்கு அரிசி, உப்பு, மண்ணெண்ணெய்,
ஒரு தடவை பதினோரு உயிராடு.
"ஆடுகள் ஒரே பக்கமா ஒதுங்குது அஞ்சலை,
மேகத்துக்குள்ள அதுங்களுக்கு வரிசை சொல்ல முடியாது"
என்று எழுதினான். அவன் எழுதியதில் சிரிப்பு வந்த கடிதம் அது ஒன்றுதான்.
பிறகு ஹெர்குலஸ்.
பிறகு ஸ்குவாட்ரன் அவன் கையில்,
பிறகு தளம், பிறகு மேசை.
மேசைக்கு வந்தபின் அவன் பறக்கவில்லை.
யார் பறக்கலாம், எவ்வளவு ஏற்றலாம் என்று
கையெழுத்துப் போட்டான்.

ஓய்வு பெற்று வந்த வருஷம்
தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்புக்கு அழைத்தார்கள்.
முன்வரிசைப் பையன் எழுந்தான்:
"சார், எத்தன குண்டு போட்டீங்க?"
"அரிசி போட்டேன்."
பள்ளி முழுக்கச் சிரித்தது.
அவனும் சிரித்தான். மாலையைக் கழற்றி
மடித்து மடியில் வைத்துக்கொண்டான்,
ஏதோ திருப்பித் தரவேண்டிய பொருள் போல.

போன மாசம் ராத்திரி ஷிப்டுக்கு
எனக்கு மீ கோரெங் கொண்டுவந்தான்.
லாரி இல்லாத நேரம். மேடை காலி.
செருப்போடு நடந்துபோய் நடுவில் நின்றான்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
எண் எரிந்தது: 80.

"நான் எழுபத்தேழு" என்றான்.
"இது இருபது இருபதாத்தான் காட்டும் அண்ணே.
லாரிக்குச் செஞ்சது."
தலையாட்டினான். நகரவில்லை.
"ஒம்போது கிலோ சேர்த்து நின்னா?"
எண்பத்தாறு. மனசுக்குள் போட்டுப் பார்த்தேன்.
"அப்பவும் எண்பதுதான்."
"காட்டாது?"
"காட்டாது."

நிலம் ஆடிய அந்தத் தீவுக்கு
பத்தொன்பது தடவை போய்வந்தது அவன் படை.
ஆயிரத்து நானூறு பேர் என்று பதக்கத்தில் இருக்கிறது.
கடைசி நடைக்கு மேசையை விட்டு அவனே போனான்.
அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.
"என்னண்ணே ஒம்போது கிலோ?"

"ஏத்தி முடிச்சாச்சு. எண்ணிக்கை சரி.
பின்கதவு தூக்குறோம்.
நீட்டுனா.
தான் வரேன்னு சொல்லல. நீட்டுனா."

ஆலைப்பக்கம் கொதிகலன் ஆவி விட்டது.
மீ கோரெங் பொட்டலத்தில் எண்ணெய் ஊறி
என் பதிவேட்டில் வட்டமாய் இறங்கியது.
நாற்பது டன் வண்டிக்கு ஒன்பது கிலோ
எவ்வளவென்று எனக்குத் தெரியும்.
என்னைவிட அவனுக்குத் தெரியும்.
அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

செர்திங் சாலையில் வெளிச்சம் திரும்பியது.
மாட் நோரின் லாரி, வாசலில் நின்று
இரண்டு தடவை ஹாரன் அடித்தது.
"எறங்கு அண்ணே" என்றேன், "வண்டி வருது."
இறங்கினான்.
எண் சுழிக்குத் திரும்பியது, உடனே.