பார்

ஐந்தடித் தொட்டி. நடுவில் ஒரு கோடு,
மார்க்கர் பேனாவால் கண்ணாடியில் நான் போட்டது.
இடப்பக்கம் ஷென்ஜென் பெட்டி,
பதினோராயிரம் ரூபாய், இரண்டு திருகு, ஒரு விசிறி,
ஜன்னலில் மாட்டிய குளவி போல ஓயாத முரல்.
வலப்பக்கம் ஜெர்மன்காரன்,
பன்னிரண்டு வேர் சிகிச்சையின் கூலி.
சத்தமில்லை. விடியலும் அந்தியும் கைபேசிக்குள்.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு நேர் உயரத்தில்
என் வீட்டுக் கூடம்; கீழ்த்தளம் கிளினிக்.
பேருந்து ஒவ்வொன்றும் கடக்கையில்
மூன்றாவதாக ஒரு விளக்கும்
தொட்டியைத் துழாவிப் போகும்.
அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரே தாய்ப் பவளத்தின் இரண்டு துண்டுகள்,
சென்னையில் ஒருவர் தன் தொட்டியில் வளர்த்து வெட்டி
தெர்மோகோலில் அனுப்பியவை.
(நம் கடலில் விரல்நுனி அளவு ஒடித்தாலும் சட்டம் கேட்கும்.
கேட்கட்டும், அதுதான் சரி.)
கோட்டுக்கு இப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று.
அதே தண்ணீர், அதே உப்பு, அதே பத்து மணி நேரம்.
பெட்டியின் கீழே போகும் மீனுக்கு மட்டும்
சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிழல்.
கோட்டைத் தாண்டியதும் ஒன்றாகிவிடும்.

கோவையிலிருந்து இரவல் வந்த பார் மீட்டரை
ஞாயிறு பூசைக்குப் போகாமல் அமிழ்த்தினேன்.
பெட்டியின் நேர்கீழே நானூற்றுப் பத்து;
நான்கு விரல் தள்ளினால் நூற்றைம்பது;
மூலையில் அறுபது, அதுவும் தயங்கி.
ஜெர்மன்காரனோ
இருநூற்று முப்பது, இருநூற்றுப் பத்து, நூற்றெண்பது,
கடைசி இலைவரை கணக்காய்ப் பரிமாறுகிறவன்.

மூன்றாம் வாரம் இடப்பக்கத்துத் துண்டு வெளுத்தது.
பல்லின் நிறம் பார்க்கும் அட்டையைத் தொட்டிமேல் பிடித்தேன்:
ஏ-மூன்று போய் பி-ஒன்று.
கீழே இதற்கு ஆறாயிரம் வாங்குவேன்.
மேலே கை நடுங்கியது.
வலப்பக்கத்துத் துண்டு உயிரோடுதான் இருந்தது,
கட்டன்சாயாக் கறை நிறத்தில்,
அழகாயிருக்கச் சம்மதிக்காமல்.

சனிக்கிழமை பெல்லார்மின் வந்தார்,
கடியபட்டணத்துக் கடல்நீர் எட்டு கேன்.
சிப்பிக்கு மூச்சடக்கி முங்குகிறவர், என் வயதுதான்.
“பார் மீட்டரா? பாரை எதுக்கு டாக்டரே அளக்கணும்?”
அவருக்குப் பார் என்றால் கடலடிப் பாறை.
ஏழு பாகத்தில் ஒன்று தெரியும், பேர் சொல்லமாட்டார்,
சொன்னால் நாளைக்கே அங்கே நாலு வள்ளம் நிற்கும்.

இரண்டில் எது அந்த இடம்போல, என்றேன்.
கேனை இறக்காமலே பார்த்தார்.
“இது பெருநாளுக்குப் போடுற சீரியல் வெட்டம்.
இது கொள்ளாம். ஆனா ஒரே மாதிரி நிக்குதே.
அங்க வெட்டம் நிக்காது கேட்டியளா.
மேகம் மறைக்கும், சாளைக்கூட்டம் மறைக்கும்,
கச்சான் எளகினா பத்து நாளு
நீட்டின கை தெரியாது.
பின்ன முங்கிப் பாத்தா
சிப்பி அங்கதான் இருக்கும்.”

தண்ணீர்க் காசை வேண்டாமென்றார்,
கடைவாய்ப்பல் ஒன்று குடைகிறதாம்.
நாற்காலியில் சாய்த்துச் சுரண்டிப் பசை நிரப்பி
நீலவிளக்கைப் பிடித்தேன்,
நானூற்றைம்பது நானோமீட்டர்,
மேலே இரண்டு விளக்கிலும் எரிகிற அதே நீலம்.
ஆரஞ்சுக் கண்ணாடியின் இடுக்கால்
எஃகுத் தட்டில் தெறித்ததை ஓரக்கண்ணால் பார்த்தவர்
கையைத் தூக்கினார்.
வலிக்குதா?
இல்லையென்று தலை.
வாய் நிறையப் பஞ்சு.
ஒரு கையில் ஐந்து விரல், மறுகையில் இரண்டு.

இருபது விநாடி. விளக்கு கீச்சிட்டு அணைந்தது.
விரல்கள் இன்னும் இறங்கவில்லை.

மீட்டர் கோவைக்குப் போய்விட்டது.
கைபேசியில் மேகம் என்றொரு பொத்தான் இருக்கிறது,
ஜெர்மன்காரனுக்கு அதை அழுத்திவிட்டேன்.
பெட்டிக்குப் பொத்தான் இல்லை.
ஒரு சாண் உயர்த்திக் கட்டி,
மத்தியானம் நோயாளி வராத நேரங்களில்
பழைய எக்ஸ்ரே பிலிம் ஒன்றை
அதன் கீழே மெதுவாக நகர்த்துகிறேன்.
யாருடையதோ தாடை,
முப்பத்திரண்டும் முழுசாக,
வெளுத்த பவளத்தின்மேல்
நிழலாய் ஊர்ந்து போகிறது.