ஒப்புகை அட்டை

குன்னூர் தபால் நிலையத்தில்
எடைத்தட்டில் வைத்தேன் கடிதத்தை.
இருபது கிராம்கூட இல்லை.
"டெல்லியில யாரு?" என்றார் எழுத்தர்.
பாதுகாப்பு மந்திரி, என்றேன்.
"சொந்தமா?"
ஒரு வகையில்.

மண்டபம் முகாமில் இறங்கிய வருஷம் முதல்
என்னைக் குடிமகள் என்று சொல்லும் தாள்
தகரப்பெட்டியில் பாச்சை உருண்டையோடு கிடக்கிறது.
ரேஷனுக்கு நீட்டியிருக்கிறேன், ஓட்டுக்கு நீட்டியிருக்கிறேன்.
இந்தமுறை அதன் நகலை
'எல்லைக்கு அந்தப் பக்கமும்
கொழுந்து பறிக்கிறவள் இருப்பாள்,
அவள் கூடையில் குண்டு விழ வேண்டாம்'
என்ற வரிக்குக் கீழே
குண்டூசியால் குத்தினேன்.

போதகர் ஞானாபரணம் கண்ணாடியைக் கழற்றினார்:
"அதிகாரத்துக்குக் கீழ்ப்படியத்தானே சொல்லியிருக்கு, சலோமி?"
சொல்லியிருக்கு ஐயா.
அதற்கு முந்தின அதிகாரத்தில்
பகைவன் பசியோடு உட்கார்ந்திருக்கிறான்.
அவனுக்குப் பரிமாறிவிட்டு
நீங்கள் சொல்லும் பக்கத்துக்கு வருகிறேன்.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு.
மருமகனுக்கு அருவங்காட்டில் வெடிமருந்து வேலை.
அங்கே சங்கு ஊதினால்தான்
இங்கே அடுப்பு எரியும்.
மழைக்கு ஒழுகாத இந்தக் கூரையும்
அந்தச் சம்பளம்.
அதையும் சொல்லி இன்னொரு கடிதம் எழுதவேண்டும்.
யாருக்கு என்றுதான் தெரியவில்லை.
மூன்று இரவாய்
பேனா மூடியைத் திறந்து மூடுகிறேன்.

பதினோராம் நாள் ஒப்புகை அட்டை வந்தது.
யாரோ ஒருவரின் கிறுக்கல், ஊதா முத்திரை.
பதில் இல்லை.
அட்டையை வேதப்புத்தகத்துக்குள் வைக்கவில்லை.
குடியுரிமைத் தாளோடு வைத்தேன்,
பாச்சை உருண்டையை மாற்றி.