சுட்டெழுத்து

ஹாஜிரா நாச்சியார், பரங்கிப்பேட்டை, பி.காம். இரண்டாமாண்டு.
ஒரே கேள்வி அனுப்பியிருந்தாள்:
"ஐயா, பதினோராவது நிமிடத்தில்
'இதை எடுத்து இதிலிருந்து கழித்தால் இது வரும்'
என்றீர்கள்.
எது?"

மஞ்சக்குப்பம் மாடியறையில்
மின்விசிறியை நிறுத்தி, வேர்க்க வேர்க்க
எடுத்த காணொளிகள் நாற்பத்திரண்டு.
பதினோராவது நிமிடத்தைத் திரும்பப் போட்டேன்,
கண்ணை மூடிக்கொண்டு.
சாக்பீஸ் டொக் டொக்கென்கிறது.
"இங்க பாருங்க" என்கிறான் ஒருத்தன், என் குரலில்.
"இது அங்க போகுது. அது இங்க வருது.
புரியுதா?"
கெடிலத்துப் பாலத்தில் ஒரு பஸ் ஹாரனடிக்கிறது.
அது மட்டும் புரிந்தது.

அ, இ, உ மூன்றும் சுட்டு என்றெழுதி
ஏழாம் வகுப்பில் இரண்டு மார்க் வாங்கியவன் நான்.
சுட்டுக்கு ஒரு விரல் வேண்டும்,
விரலுக்கு எதிரே ஒரு கண் வேண்டும் என்பது
அந்த விடையில் இல்லை.

பாடக் குறிப்பு பதினெட்டுப் பக்கம்.
கைபேசியில் படமெடுத்து ஏற்றியிருந்தேன்.
அவளுடைய திரைவாசிப்பான் திறந்து பார்த்து
"வெற்றுப் பக்கம்" என்றதாம்.
தள்ளினால், "வெற்றுப் பக்கம்."
மூன்றாவதன் ஓரத்தில் என் கட்டைவிரல் விழுந்திருக்கிறது.
அதைக்கூட அது சொல்லவில்லை.

தாழங்குடா சந்திரகாசனுக்குக் காது கேட்காது.
அவன் சிக்கல் வேறு.
காணொளிக்கடியில் கணினி தானாக ஓட்டிய வரிகளை நம்பி
தேர்வுத்தாளில் எழுதிவைத்தான்:
"ஆண்டுதோறும் இயந்திரத்தின் மானம் தேய்கிறது."
தேய்மானத்தை அது அப்படித்தான் பிரித்துப் போட்டிருந்தது.
சிவப்பு மையால் சுழித்து முட்டை போட்டேன், போன நவம்பரில்.
தேய்ந்தது யார் மானம் என்று
ஜூலையில்தான் தெரிந்தது.

முதலில் அந்த வளைகோட்டை எடுத்துக்கொண்டேன்.
பலகையில் ஒரே இழுப்பு.
சொல்லில் இரண்டு ராத்திரி.
"தேவனாம்பட்டினத்தில் மணல்மேடு கடலுக்கு இறங்குவதுபோல,
முதலில் சரேலென்று, போகப்போகச் சாய்வாக..."
எனக்கே பிடித்திருந்தது. அனுப்பினேன்.

"மணல் நல்லாயிருக்கு ஐயா.
முதல் வருஷம் எவ்வளவு?"

ஒரு லட்சம். அதில் இருபது சதவீதம் போக
எண்பதாயிரம்.
அறுபத்து நாலாயிரம்.
ஐம்பத்தோராயிரத்து இருநூறு.
நாற்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
மணலைத் துடைத்துவிட்டு
எண்களை வரிசையாக நிறுத்தினேன்.

மறுநாள் காலை:
"அப்ப சுழியைத் தொடவே தொடாதா ஐயா?"

பதினோரு வருஷமாக அந்தக் கோட்டை வரைகிறேன்.
பலகை முடிந்த இடத்தில் கோட்டை முடித்துவிடுவேன்.
முன்பெஞ்சில் கண்ணாடி போட்டவர்கள், போடாதவர்கள்,
யாரும் கேட்டதில்லை.
நானும்.

பதினேழு காணொளி முடிந்திருக்கிறது. இருபத்தைந்து பாக்கி.
"ரெண்டு பேருக்காகவா இவ்வளவும்?" என்றார் துறைத்தலைவர்.
எந்த ரெண்டு பேர் என்று கேட்க நினைத்தேன்,
கேட்கவில்லை, கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.
சந்திரகாசன் வரி வரியாகத் திருத்தித் தருகிறான்.
தேய்மானம் வருமிடமெல்லாம்
ஓரத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை.

இன்று காலை நெல்லிக்குப்பம் சாலை டீக்கடை.
கண்ணாடிப் பெட்டியைக் காட்டி
"அதுல ஒண்ணு" என்றேன்.
கடைக்காரர் டீ ஆற்றுகிறார், நிமிரவில்லை.
"எதுல?"

மேல் தட்டு, இடது ஓரம்,
அடி கருகாத மசால்வடை.