நாலு டிகிரி

மீனாட்சிபுரம் சாவடியில் பால் வண்டிகள்
வரிசை கட்டுவது விடியல் நாலரைக்கு.
ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் நான் இறக்கிய வெப்ப உணரி ஒன்று,
பேனா மூடி அளவு.
சிம் கார்டு உண்டு, மூக்கு கிடையாது.
ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம்
எத்தனை டிகிரி என்று மட்டும் சொல்லும்.

சொன்னதை ஏழு இடத்தில் எழுதிக்கொள்கிறார்கள்:
பால் சங்கம், குளிரூட்டு நிலையம், வண்டிக்காரர், சாவடி,
பாலக்காட்டு டெய்ரி, வங்கி, காப்பீடு.
ஏழு ஏடும் ஓரேடு.
ஒன்றில் ஒரு புள்ளியைத் திருத்தப் போனால்
மற்ற ஆறும் கையைப் பிடிக்கும்.
அழிப்பானே இல்லாத கணக்கு என்று
கோவிந்தாபுரம் கல்யாண மண்டபத்தில்
மைக் பிடித்துச் சொன்னவள் நான்.

'தப்பா எழுதிட்டா?' என்றார் தெய்வாத்தா.
இரண்டு எருமை, ஒரு சிந்து, மூன்றாம் வரிசை நாற்காலி.
எழுதாதுங்க, மிஷினுங்க அது, என்றேன்.
அதற்குள் போண்டா வந்துவிட்டது.

பங்குனியில் ஓர் இரவு,
பகல் வெயில் தார்ச்சாலையை விட்டு இறங்கவேயில்லை.
கிட்டுச்சாமி வண்டி வந்தது.
திரையில் பச்சை.
நாலு, நாலு, நாலேகால், நாலு.
சஜிதா ஏணியில் ஏறி மூடியைத் திறந்தாள்,
குனிந்தாள், உடனே நிமிர்ந்தாள்.
'சேச்சி, பால் பிரிஞ்ஞு.'
சோதனைக் குழாயை ஆட்டிக் காட்டினாள்;
கண்ணாடியில் துணுக்குத் துணுக்காய் ஒட்டியிருந்தது.

ஏட்டில் நாலு டிகிரி.
பாலில் இருபத்திரண்டு.

டிரைவர் சீட்டுக்கு அடியில்
சிவப்பு மூடி பிளாஸ்க் ஒன்று.
உள்ளே சர்பத் கடை ஐஸ்,
ஐஸ் நடுவே என் உணரி
சுகமாய்ப் படுத்திருந்தது.
சத்தியமாய் அங்கே நாலு டிகிரிதான்.
அது பொய் சொல்லவில்லை.
எதனுடைய டிகிரி என்று கேட்க
நாங்கள் ஏழு பேரும் மறந்திருந்தோம்.

ஆனைமலையில் கரண்ட் போச்சுங்க,
ஜெனரேட்டர்ல டீசல் இல்லீங்க,
எடுத்துட்டுப் போன்னு ஏத்தி விட்டாங்க,
இன்னொரு தரம் சிவப்பு விழுந்தா
வண்டியை நிறுத்திருவாங்க,
தவணை பாக்கிங்க மேடம்,
என்று கிட்டுச்சாமி
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை,
பிளாஸ்க்கைப் பார்த்துச் சொன்னார்.

நாலு டிகிரி குறையாமல் வந்தால்
ஐந்து மணிக்குப் பணம் தானே போகும்.
அப்படித்தான் ஒப்பந்தம், யாரும் பொத்தான் அழுத்த வேண்டாம்.
மணி அப்போது ஐந்தே கால்.
இருநூற்றுப் பன்னிரண்டு கணக்குகளில் விழுந்தாயிற்று,
தெய்வாத்தாவின் ஆறு லிட்டருக்கு
இருநூற்று முப்பத்தோரு ரூபாய்.
மூவாயிரத்து நூறு லிட்டர்
சாவடிப் பின்புறத் தென்னங்குழிகளில்
நுரைத்துக்கொண்டு இறங்கியது.
ஒரு நாய் நக்கிப் பார்த்து விலகிப் போனது.

அழிக்க முடியாது. கீழே சேர்க்கலாம்.
என் சாவி, என் கையெழுத்து, ஒரு வரி.
சேர்க்காமலும் இருக்கலாம்;
ஏழு பேர் ஒத்துச் சொன்னதை
எட்டாவதாய் ஒருத்தி
எதற்குக் கலைக்க வேண்டும்?

டீ வந்தது. குடிக்கவில்லை.
தட்டெழுதினேன்:
மேலே உள்ள அறுபத்தாறு பதிவுகளும்
பாலைப் பற்றியவை அல்ல, ஒரு பிளாஸ்க்கைப் பற்றியவை.
சங்கத்தில் அளந்தபோது பால் நன்றாகவே இருந்தது.
ஊற்றியவர்களிடம் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம்.
உணரியைக் கழற்ற முடிகிற மாதிரி
பொருத்தியது நான்.

ஏழு ஏடும் அதையும் வாங்கிக்கொண்டன,
மூன்று விநாடியில்,
உண்மையா என்று ஒன்றும் கேட்காமல்.

பின்னால் ஹாரன்.
அடுத்த வண்டி. திரையில் பச்சை, நாலு.
சஜிதா ஏணியில் ஏறினாள்.
இந்தத் தரம் நானும் ஏறினேன்,
முகர்ந்து பார்க்க.