மறுப்பு

சாஸ்கட்டூனில் வெளியே மைனஸ் முப்பத்து நான்கு.
மேசைமேல் ஒரு ஜாம் பாட்டில்,
அடியில் பழுப்பாய்ப் படிந்த ஈஸ்ட்.
மூடியில் ஒட்டிய காகித நாடாவில் பென்சில் எழுத்து:
"இன்னொரு பீப்பாய்க்குத் தாங்குமா? – டார்சி வசிலிக்."

உப்புநீரில் கலக்கி ஊசியில் ஏற்றினேன்.
தலைமயிரில் கால்வாசி அகலமுள்ள வாய்க்கால்.
அதன் இரு கரையிலும் பொன் முலாம் பூசிய மின்வாய்கள்.
செல் ஒவ்வொன்றாய்த்தான் கடக்கவேண்டும்,
சுங்கச்சாவடியில் லாரிகள் போல.

முதலில் திரை முழுக்க நடுக்கம்.
நொடிக்கு அறுபது நடுக்கம்.
செல் இல்லை அது, சுவரோரக் குளிர்பெட்டி.
பிளக்கைப் பிடுங்கினேன்.
கோடு படுத்துக்கொண்டது.

பிறகு ஒரு மலை எழுந்தது.
எவ்வளவு பெரிய உயிர் என்று பார்த்தால்
காற்றுக்குமிழ்.
ஒன்றுமில்லாததுதான் இங்கே
எல்லாரையும்விட உயரம்.

குமிழ் போனபின் வந்தன, சின்னச் சின்ன மேடுகள்.
மெல்ல அதிரும் மின்சாரத்தை
உயிருள்ள செல் உள்ளே விடாது,
தோலோடு சுற்றிப் போகச் சொல்லும்.
அதிர்வைக் கோடிக்கு ஏற்றினால்
தோல் தாண்டி உள்ளிருப்பது தெரியும்.
கேட்கிற வேகத்தில் இருக்கிறது பதில்.

செத்ததற்குத் தோல் கிழிந்திருக்கும்.
மின்சாரம் புகுந்து புறப்பட்டுப் போகும்,
மேடு பாதியாய்ச் சுருங்கும்.

இந்த அளவைக்குத் தமிழில்
மின்மறுப்பு என்று யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள்.
ஆய்வறையில் வாசிக்கும்போது அது வெறும் சொல்.
இரவு இரண்டு மணிக்கு
ஒவ்வொரு மேடும் "மாட்டேன்" என்கிறது.
மௌனம் சம்மதம் என்பார்களே,
செத்த செல்லுக்கு அது அப்படியே பொருந்துகிறது.

நாற்பதாயிரம் எண்ணினேன்.
நூற்றுக்கு முப்பத்தெட்டு மறுத்தன.

வசிலிக்குக்கு எழுதினேன்:
"பாதிக்கு மேல் சம்மதித்துவிட்டன."
அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்:
"உயிரோடு 38 விழுக்காடு.
தாங்காது. புது ஈஸ்ட் வாங்கவும்."

அப்போது பேராசிரியரின் குறுஞ்செய்தி.
இந்தச் சனி ஞாயிறும் வர முடியுமா?
மூன்றாவது வாரம்.
சரி என்று தட்டினேன், யோசிக்கவேயில்லை.

கோட்டை மாட்டும்போதுதான் நினைவு வந்தது:
குளிர்பெட்டியில் ஒக்ஸானாவின் பெரோகி.
திறந்தேன். உறைந்த ஐம்பதும்
ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்திருந்தன.
பிளக்கைச் சொருகினேன்.
அணைக்க மறந்த திரையில்
கோடு மறுபடி நடுங்க ஆரம்பித்தது.