புறப்படும் நாளின் வயது

கச்சேரிக்கு எதிரே நான் வைத்திருப்பது
ஒரு போட்டோகொப்பிக் கடை.
ஊராரின் பிறப்பும் காணியும் விவாகமும்
என் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து
எழும்பிப் போகும்.
முகங்களைவிடக் கையெழுத்துக்களை
எனக்கு நல்லாத் தெரியும்.

ஆனாலும் இந்தப் படிவத்தை
இரண்டு நாள் லாச்சிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன்.

ஸ்காபரோவிலிருந்து வந்த தங்கச்சி
கேளாமலே டிக்கெட் எடுத்துவிட்டாள்.
திருகோணமலையிலிருந்து சென்னைக்கு மூன்று இரவு,
அவளும் என் மகள் வேணுகாவும்.
பதினெட்டு நிறையாதவர் பெற்றோரின்றிப் பயணிப்பதாயின்
தாய் தகப்பன் இருவரும் ஒப்பமிட வேண்டும்.
இருவரும் என்பதன் கீழே
கோடு வேறு இழுத்திருந்தார்கள்.

தவசீலன் இப்போது நிலாவெளியில்
திமிங்கிலம் காட்டும் படகொன்றுக்கு என்ஜின் பார்க்கிறான்.
ஒன்பது வருடம். ஒரே ஊர்.
சந்தையில் ஒருக்கால் அவன் முதுகைக் கண்டு
தேவையில்லாமல் இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்கினேன்.

சமாதான நீதவான் வீடு பூட்டிக் கிடந்தது.
நாலு மணிக்கு வருவாராம்.
டச்சு பே மதிலில் குந்தியிருந்தோம்,
நடுவில் இன்னொரு ஆள் இருக்கலாம்.
அந்த இடத்தில் படிவத்தை வைத்து
காற்றுக்குப் பறக்காமல்
என் சாப்பாட்டுப் பெட்டியை மேலே வைத்தேன்.

ஒப்பம் வைப்பான், எழும்பிப் போவான் என்றிருந்தேன்.
வாசிக்கத் தொடங்கினான்.
எண்ணெய் ஏறிய விரலை ஓட்டி
வரிவரியாக, உதடு அசைய.
பள்ளிக்கூட ரிப்போட் ஒன்றையும் திறந்து பாராதவன்.

அதே அறையில் இருபத்தைந்து வயது தாண்டிய ஒருவர்.
'தங்கச்சிக்கு எத்தினை?'
முப்பத்தெட்டு.
சூதாட்டக் கூடத்தினுள் அனுமதியில்லை.
'நல்லது.'
இரவு ஒரு மணிக்குப் பின் மேல்தளத்தில் நிற்கலாகாது.
'பத்து மணி எண்டு போட்டிருக்கலாம்.'
நீச்சல் தடாகத்தில் உயிர்காப்பாளர் எவரும் இல்லை.
அதில் நின்றுவிட்டான்.
'கையில மாட்டுற காத்துப்பை கொண்டுபோறாளா?'

கோட்டைப் பக்கமிருந்து மான்கள் வந்தன,
வழமைபோல, சோற்றுக் கடதாசி தேடி.
ஒரு கிழட்டு மான்
படிவத்தின் மூலையை மணந்து பார்த்தது.
வெடுக்கென உருவி
நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான்.

'அவளுக்குப் பதினாறு,' என்றேன்.
'உப்புவெளியில தனியத்தான் நீந்துறவள்.'

தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனான்.
கப்பல் புறப்படும் நாளில் உள்ள வயதே
பயணம் முடியும்வரை வயதாகக் கொள்ளப்படும்.

இதை மட்டும் இரண்டு தரம் வாசித்தான்.
நான் தூரத்தில் ஒரு மீன்வள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவன் போன அன்றைக்கு அவளுக்கு ஏழு.
முன்பல் இரண்டும் இல்லை.

நாலேகாலுக்கு நீதவான் வந்தார்.
தகப்பன் / சட்டப் பாதுகாவலர்,
பொருந்தாததை வெட்டுக.
'எதை வெட்ட?' என்று கேட்டான்,
உண்மையாகவே தெரியாதவன் மாதிரி.
கண்ணாடிக்கு மேலால் எங்களை நீதவான் பார்த்தார்.
பேனையை வாங்கி நானே வெட்டினேன்.
கோடு கொஞ்சம் கோணல்.

கடைக்கும் பின்னால் வந்தான்.
தனக்கொரு பிரதி வேணுமாம்,
ஒப்பம் வைத்த பக்கம் இல்லை, விதிகள் உள்ள பக்கம்.
மூடியின் கீழே வெளிச்சம் ஒருமுறை ஓடிற்று.
'இருபது ரூபா,' என்றேன், பழக்கதோஷம்.
ஐம்பதைத் தந்தான்.
மிச்சத்தை எண்ணி முடிக்குமுன் தெருவுக்கு இறங்கிவிட்டான்.

வெள்ளி பின்னேரம் உவர்மலையில் நின்றேன்.
ஒரு முழுத்தெருவே விளக்குப் போட்டுக்கொண்டு
கடலுக்குள் போவதுபோல அது போனது.

அன்றிரவு போன் அதிர்ந்தது.
படிவத்தில் எழுதியிருந்த இலக்கம்.
'மணி ஒண்டு. அறைக்குப் போயிருப்பாளோ?'

நானும் முழிப்புத்தான்.
தங்கச்சிக்கு இதையே கேட்டு அனுப்பியது
ஒற்றைச் சரியோடு நின்றது, நடுக்கடலில் சிக்னல் இல்லை.

போயிருப்பாள் என்று எழுதினேன். அழித்தேன்.
பிறகு
'விதி அப்பிடித்தானே' என்று அனுப்பிவிட்டு
மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்.